பஞ்சாரத்துக்கு வெளியே நிற்பவள்

சந்தையிலிருந்து சாக்குப்பையில் வந்த வெடைக்கோழியைக் கொல்லையில் இறக்கிவிட்டு, ஒரு கை குருணையை வீசிவிட்டு, வாங்கி வந்தவர் திரும்புவதற்குள் கச்சேரி தொடங்கிவிடும். மறுமூலையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த மூத்த பெட்டை தலையை நிமிர்த்தும். அவசரமே இல்லாமல் நடந்து வரும். புதியதற்கு நேர் எதிரே நின்று கழுத்தை நீட்டும். பிடரி இறகு குடை மாதிரி விரியும். புதுக்கோழி தலையைத் தாழ்த்தி ஒதுங்கிக்கொண்டால் கொண்டையில் ஒரே ஒரு கொத்தோடு விவகாரம் முடிந்துபோகலாம். ஒதுங்காவிட்டால் இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு மோதித் துள்ளும், நகங்கள் முன்னே வரும். பயந்து ஓடினால் இன்னும் மோசம். ஓடுகிற கோழியைக் கண்டால், அதுவரை சும்மா நின்றவையும் துரத்தலில் சேர்ந்துகொள்ளும்.

இந்த மூத்த பெட்டைக்கு வளர்ப்பவர்கள் பெயர் வைக்காமல் விடுவதில்லை. ஒரு வீட்டில் அது ரவுடி, இன்னொரு வீட்டில் மாமியார், வேறொரு வீட்டில் நாட்டாமை. பெயர்கள் பொருத்தமானவைதான். ஆனால் குணத்துக்குப் பெயர் வைத்ததும், அந்தக் கோழி என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி மறந்துபோகிறது. கொல்லையில் உள்ள ஒவ்வொரு கோழியோடும் அதற்கு ஏற்கெனவே ஒரு தீர்ந்த கணக்கு இருக்கிறது. யார் முதலில் தின்பது, யார் வழிவிடுவது என்பது அவற்றுக்குள் முடிவான விஷயம். புதிதாக வந்து நிற்பவளோடு மட்டும் அந்தக் கணக்கு தீரவில்லை. அதைத் தீர்க்கத்தான் அது வருகிறது.

இப்படி ஒரு கணக்கு இருப்பதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் ஒரு நார்வேக்காரச் சிறுவன். தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே 1894-இல், அப்போது கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட ஓஸ்லோவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே சிற்பிகள். கோடை விடுமுறையைக் கழிக்கும் கிராமத்து வீட்டில் கோழிகள் இருந்தன. மற்ற பிள்ளைகள் கோழியைத் துரத்தி விளையாடும் வயதில், எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று அவர் குறிப்பெடுத்தார். விடுமுறை முடிந்து ஊர் திரும்பினாலும் நினைப்பெல்லாம் அங்கேதான். அந்தப் பழக்கம் வளர்ந்து, 1922-இல் வீட்டுக்கோழிகளின் சமூக உளவியலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையாக ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இன்று அலுவலக அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூடத் தாராளமாகப் பயன்படுத்தும் ‘கொத்து வரிசை’ என்ற கருத்து பிறந்த இடம் அதுதான். நார்வேயின் பல்கலைக்கழக உலகம் அவருக்கு நிலையான இடம் எதையும் தரவில்லை. கொத்து வரிசையைக் கண்டவரையே கொத்தி விரட்டிவிட்டார்கள் என்று எழுதும் ஆசை எந்த எழுத்தாளருக்கும் வரும். அதை அடக்கிக்கொண்டு கோழிகளிடமே திரும்பலாம்.

அவர் கண்டதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. கொத்து வரிசை என்றதும் மனதில் ஓர் ஏணி வந்து நிற்கிறது. உச்சிப்படியில் ராணி, அடிப்படியில் எல்லோரிடமும் அடி வாங்கும் அப்பாவி. உண்மையில் கோழிக்கு ஏணி தெரியாது, ஜோடிதான் தெரியும். இந்தக் கோழிக்கும் எனக்கும் என்ன ஏற்பாடு, அந்தக் கோழிக்கும் எனக்கும் என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றோடும் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்கிறது. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் மனிதனின் கண்ணுக்குத்தான் ஏணி தெரிகிறது. சில சமயம் அதுவும் தெரியாது. முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது திரும்பி வந்து முதல் கோழியைக் கொத்தும். ஷெல்டெருப்-எப்பே இப்படிப்பட்ட முக்கோணங்களையும் பதிவு செய்திருக்கிறார்.

இதைக் கணக்காகப் போட்டால் புதுக்கோழியின் பாடு விளங்கும். பத்துக் கோழிகள் உள்ள கொல்லையில் 45 ஜோடிகள். நாற்பத்தைந்து ஏற்பாடுகளும் முடிந்து, கொல்லை அமைதியாக இருக்கிறது. பதினோராவது கோழி ஒன்று உள்ளே வருகிறது. புதிதாகத் தீர்க்கவேண்டிய ஜோடிகள் பத்து. பழைய கோழிகளுக்குத் தலைக்கு ஒரே ஒரு புதிய வழக்கு. புதியவளுக்கோ ஒரே நாளில் பத்து வழக்கு. அதுவும் முன்பின் தெரியாத இடத்தில், தண்ணீர்த் தொட்டி எங்கே என்றுகூடத் தெரியாத நிலையில். தனிக்கோழியாகக் கொண்டுவராதே, ஒன்றையொன்று அறிந்த இரண்டு மூன்றாகக் கொண்டுவா என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். வழக்குகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஆனால் மூத்தவளின் கவனம் ஒருத்தி மீதே குவியாது. அடிபட்டவள் ஒண்டிக்கொள்ள அறிந்த துணை ஒன்று பக்கத்தில் இருக்கும்.

ஏற்பாடு தீராமல் இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் ஏ. எம். குல், டபிள்யூ. சி. ஆலி என்ற இரு விலங்கியலாளர்கள் சோதித்து 1944-இல் வெளியிட்டார்கள். சில கூட்டங்களில் கோழிகளை மாற்றவே இல்லை. வேறு சிலவற்றில் பழையதை எடுப்பதும் புதியதை விடுவதுமாக ஆள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நிலையான கூட்டத்தில் கொத்து குறைந்தது, தீனி அதிகம் உள்ளே போனது, எடை குறையவில்லை, முட்டையும் கூடுதல். மாறிக்கொண்டே இருந்த கூட்டத்தில் எல்லாமே தலைகீழ். கொத்து வரிசை கொடுமையானது என்று நினைப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். கோழிகளுக்கு வரிசை இருப்பதைவிட, வரிசை முடிவாகாமல் தொங்குவதுதான் பெரிய தொல்லை.

ஏற்பாடு ஜோடிக்கு ஜோடி என்றால், ஒவ்வொரு கோழியும் மற்றதை ஆள் ஆளாக அடையாளம் கண்டாகவேண்டும். கோழிக்கு அந்த அளவு மூளை உண்டா? உண்டு. குல், ஆர்ட்மன் இருவரும் 1953-இல் வெளியிட்ட ஆய்வில் கோழிகளுக்கு வேடம் போட்டுப் பார்த்தார்கள். இறகுக்குச் சாயம் பூசினார்கள், கொண்டையின் தோற்றத்தை மாற்றினார்கள். உடம்பில் செய்த மாற்றம் அவ்வளவாக எடுபடவில்லை. தலையிலும் கழுத்திலும் செய்த மாற்றம் எடுபட்டது. நேற்றுவரை கூடவே மேய்ந்தவளை, இன்று யாரோ அந்நியக்காரி வந்துவிட்டாள் என்று கூட்டாளிகளே கொத்தினார்கள். கோழிக்கு முகம்தான் விலாசம்.

அந்த விலாசத்தையும் தூரத்திலிருந்து படிக்க அதனால் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் மேரியன் ஸ்டாம்ப் டாக்கின்ஸ் இதைச் சோதித்தபோது, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்துக்கு வந்த பிறகே கோழிகள் அறிந்தவளையும் அறியாதவளையும் பிரித்தறிந்தன. அந்த நெருக்கத்திலும் ஒரு கண்ணால் பார்ப்பது, தலையைத் திருப்பி மறுகண்ணால் பார்ப்பது, நேராகப் பார்ப்பது என்று சோதனை நடக்கும். இரண்டு கண்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது இன்னொரு ஆச்சரியம். ஜார்ஜியோ வல்லோர்த்திகாராவும் ரிச்சர்ட் ஆண்ட்ரூவும் 1994-இல் கோழிக்குஞ்சுகளின் ஒரு கண்ணை மூடி வைத்துப் பார்த்தார்கள். இடக்கண் திறந்திருந்த குஞ்சுகள் கூட்டாளியையும் அந்நியக் குஞ்சையும் பிரித்தறிந்தன. வலக்கண் மட்டும் திறந்திருந்தவற்றால் அது முடியவில்லை.

ஆக, புதியவளைச் சரியாகப் பார்க்கவேண்டுமானால் மூத்தவள் கிட்டே வந்தே தீரவேண்டும். கிட்டே வந்தால் அலகு எட்டும். அலகு எட்டினால் கொத்து விழும். பார்வைக்கு வேண்டிய தூரமும் சண்டைக்கு வேண்டிய தூரமும் ஒன்றாகப் போனதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க ஒரு சாதனம் வேண்டும்: கண்ணுக்கு வழிவிட்டு அலகைத் தடுக்கும் ஏதாவது ஒன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் இதற்குக் கம்பிவலைத் தடுப்பு வைக்கிறார்கள். கூண்டை வலையால் இரண்டாகப் பிரித்து, ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை பழையவையும் புதியவையும் பக்கம் பக்கமாக வாழ விடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. மூங்கிலில் முடைந்த பஞ்சாரம். பருந்துக்கும் பூனைக்கும் பயந்து குஞ்சுகளை அதில் கவிழ்ப்பார்கள். வாங்கி வந்த கோழி வந்த வழியே ஓடிவிடக்கூடாது என்று காலில் கயிறு கட்டிப்போடுவதும், பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும் அங்கே சாதாரணம். “நாலு நாள் பஞ்சாரத்துல போட்டு வைம்மா, அதுக்குள்ள பழகிரும்” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லும்போது, கோழி வீட்டுக்குப் பழகுவதைத்தான் அவர் நினைக்கிறார். ஆனால் கூடவே வேறொன்றும் நடக்கிறது. பழைய கோழிகள் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மூங்கில் இடைவெளி வழியாகப் புதியவளின் முகத்தை வேண்டியமட்டும் பார்த்துக்கொள்கின்றன. மூத்தவள் முதல் நாள் பிடரியை விரித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் பஞ்சாரத்தை ஒட்டிச் சிந்திய தீனியைப் பொறுக்கத் தொடங்குவாள். காலில் கயிறு கட்டும் முறைக்கு இந்த நல்ல பேரைக் கொடுக்க முடியாது. கட்டப்பட்ட கோழியால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. ரவுடிக் கோழியிடம் அகப்பட்டால் கொண்டை கிழிந்துபோகும்.

பஞ்சாரத்திலும் குறை உண்டு. இடைவெளி பெரிதாக இருந்தால் அலகு உள்ளே நுழையும். வெயிலில் கவிழ்த்துவிட்டு மறந்தால் உள்ளே இருப்பது அவிந்துவிடும். நாள்கணக்கில் வைப்பதானால் நிழலும் தண்ணீரும் கொஞ்சம் விசாலமான இடமும் வேண்டும், அதாவது வலைக்கூண்டே மேல். வைக்கும் இடமும் முக்கியம். ஆளில்லாத மூலையில் வைத்தால் பழையவை எட்டிக்கூடப் பார்க்காது. அவை தினமும் தீனி தின்னும் இடத்தை ஒட்டி வைத்தால், தின்னும்போதெல்லாம் புதியவளின் முகம் கண்ணில் படும்.

ஆனால் பக்கத்தில் கொண்டுவருவதற்கு முன்னால் தூரத்தில் வைக்கும் காலம் ஒன்று உண்டு. அவசரக்காரர்கள் தாண்டிப்போவது அதைத்தான். கொத்தினால் காயம், ஆறிவிடும். சந்தைக் கோழியோடு வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஆறுவதற்குக் கோழியே மிஞ்சாது. இந்தியக் கால்நடை மருத்துவர்கள் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். 1920-களில் ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். தொற்றிய கோழி அறிகுறி காட்ட இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். எனவே புதியவை ஒரு மாதம் கொல்லையின் மறுகோடியில் தனியாக இருக்கவேண்டும். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அவற்றிடம் போகவேண்டும். செருப்பும் தீனிச்சட்டியும்கூட வேறு. பேனும் செள்ளும் இந்த மாதத்தில்தான் வெளிப்படும். தடுப்பூசி போடவும் இதுவே சமயம்.

சரி, முதல் சந்திப்பில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பெரிய கோழிதான் என்று எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள், தோற்பார்கள். நிக்கோலஸ் காலியஸ் ஒன்றையொன்று அறியாத கோழிகளை ஜோடி ஜோடியாக மோதவிட்டு, முடிவுகளைப் புள்ளிவிவரமாக அலசி 1943-இல் எழுதினார். உடல் எடைக்குப் பெரிய பங்கு இல்லை. கொண்டை பெரிதா, இறகு உதிர்ந்துகொண்டிருக்கிறதா என்பவைதான் முக்கியமாக இருந்தன. கொண்டையின் அளவு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சார்ந்தது. கோழிகளின் உடம்பில் வெளியே தெரியும்படி எழுதி ஒட்டிய அறிவிப்பு அது. ஆலியும் காலியஸும் அவர்களது கூட்டாளிகளும் 1939-லேயே, அடிமட்டத்தில் இருந்த பெட்டைகளுக்கு அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டு, அவை வரிசையில் மேலேறுவதைக் காட்டியிருந்தார்கள். வளர்ப்பவர் யாரும் ஊசியைத் தேடிப் போகவேண்டியதில்லை. இறகு உதிர்ப்பைப் பற்றிய செய்திதான் பயன்படக்கூடியது. சந்தையிலிருந்து வந்த கோழி இறகு உதிர்ந்து அரைகுறையாக நின்றால், அது முளைக்கும்வரை சந்திப்பைத் தள்ளிப்போடலாம். மாறாக, ரவுடி இறகு உதிர்த்துச் சோர்ந்து நிற்கும் வாரங்கள் புதியவர்களுக்கு நல்ல முகூர்த்தம்.

முதல் சண்டையை வேடிக்கை பார்ப்பவர்களையும் மறந்துவிடக்கூடாது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் இவான் சேஸ் ஒரு சமூகவியலாளர். மனிதர்களின் படிநிலைகளைப் பற்றி யோசிக்கப் போனவர் கோழிகளிடம் வந்து சேர்ந்தார். மூன்று கோழிகளை ஒன்றாக விட்டால் என்ன நடக்கிறது என்பதை அவர் நிமிடக்கணக்கில் குறித்து 1982-இல் வெளியிட்டார். முதலாவது இரண்டாவதைத் தோற்கடித்த கையோடு, ஓரமாக நின்று பார்த்த மூன்றாவதின் மேல் பாய்கிறது. அல்லது பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது, தோற்றவளை நோக்கிப் போய் அவளையே அடிக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் வரிசை நேராக அமைந்துவிடும்.

கனடாவில் ஹோக், போக்ரான், லாகுவே ஆகியோர் 1996-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஒரு கோழியின் கண்ணெதிரே, அதை வழக்கமாக அடக்கி வைத்திருந்த எஜமானியோடு ஓர் அந்நியக் கோழியை மோதவிட்டார்கள். எஜமானி தோற்றதைப் பார்த்த கோழி, அந்த அந்நியக்காரியோடு மோதவே துணியவில்லை, சட்டென்று பணிந்துபோனது. என்னை அடிப்பவளையே இவள் அடித்துவிட்டாள், நான் எந்த மூலை என்ற கணக்கு அதற்கு வந்திருக்கிறது. எஜமானி ஜெயித்ததைப் பார்த்த கோழிகளோ அந்நியக்காரியிடம் வம்புக்குப் போகத் தயங்கவில்லை. “பறவை மூளை” என்று ஆளைத் திட்டும் ஆங்கிலேயர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம்.

கொல்லைக்கு இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. புதியவளின் முதல் சந்திப்பு, எல்லோர் முன்னிலையிலும் ரவுடியோடு நடந்தால், அங்கே விழும் ஒரே அடியை மற்ற ஒன்பதும் பார்த்துக்கொள்ளும். அப்புறம் அடிமட்டத்தில் இருந்ததுகூடக் கொத்த வரும். அதற்குப் பதிலாக, பழைய கூட்டத்தில் சாதுவான ஒன்றைப் பிடித்து, சில நாள் புதியவர்களோடு தனியாக விட்டுவைக்கலாம். அடுத்து இன்னொன்று. ரவுடியின் முறை கடைசியில் வரட்டும். அவள் வரும்போது புதியவர்களுக்குப் பாதி வழக்குகள் தீர்ந்திருக்கும்.

முழுதாகத் திறந்துவிடும் நாளில் கொல்லையின் அமைப்பே நடுவராக இருக்கும். முட்டுச்சந்து கூடாது. மூலையில் மாட்டிக்கொண்ட கோழி பணிந்து தலையைத் தாழ்த்தினாலும் அடி நிற்காது, ஏனென்றால் கோழிகளின் இலக்கணத்தில் பணிவு என்றால் விலகிப்போவது. விலக இடமில்லாதவள் எதிர்த்து நிற்பவளாகவே தெரிகிறாள். சுவரில் சாய்த்த தென்னை மட்டை, கவிழ்த்த கூடை, ஒரு விறகுக் குவியல் என்று பார்வையை மறைக்கும் எதுவும் உதவும். தீனித்தட்டும் தண்ணீரும் ஒன்றுக்கு இரண்டாக, எட்ட எட்ட இருக்கவேண்டும். ஒரு தட்டுக்குத்தான் ஒரு ரவுடியால் காவல் நிற்க முடியும். வெடைகளைச் சேர்க்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ நாலு சதவீதம் இருக்கும். வளரும் வெடைக்கு ஒரு சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர்ப்புத் தீவனத்தையே வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச்சட்டியில் வைத்தால், முட்டையிடுபவை தேடிப் போய்ப் பொறுக்கிக்கொள்ளும்.

இருட்டிய பிறகு புதியவற்றைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பழையவற்றின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டால், விடிந்ததும் அவை வித்தியாசம் தெரியாமல் ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பது சரி. அதனால் அந்த இரவு அமைதியாகக் கழியும். விடிந்ததும் ஏமாறும் என்பதுதான் சரியில்லை. முகம் முகமாக அடையாளம் வைத்திருக்கும் பறவை, நேற்று இல்லாத முகத்தைக் காலையில் கவனிக்காமல் போகுமா? வலைக்குப் பின்னால் பழக்கி முடித்தவற்றுக்கு இந்த ராத்திரி உபாயம் நல்ல கடைசிப்படி. அதை மட்டும் நம்பியவர் விடிகாலையிலேயே கொல்லையில் நிற்கவேண்டியிருக்கும்.

எவ்வளவு கொத்து வரை பொறுப்பது? தலையை, கொண்டையைக் குறிவைத்து விழும் சுருக்கமான கொத்தும், பத்தடி துரத்தலும் நியாயமான வழக்காடல். தலையிட்டுப் பிரித்தால் தீர்ப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரத்தம் தெரிந்தால் கதை வேறு. சிவப்பைக் கண்டால் கோழிகள் மீண்டும் மீண்டும் அங்கேயே கொத்தும்; காயம் குழியாகி, தின்பதில் போய் முடியும். காயம்பட்டதை அந்த நிமிடமே பிரித்துவிட வேண்டும். முதுகிலும் வாலடியிலும் இறகைப் பிடுங்கும் பழக்கம் முற்றிலும் வேறு. அது பகையால் வருவதில்லை. கிளற மண்ணும் கொத்த இலைதழையும் கிடைக்காத கோழி தன் மேய்ச்சல் ஆசையை அடுத்தவள் முதுகில் தீர்த்துக்கொள்வதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே ரவுடியைப் பிடித்துத் தண்டித்துப் பயனில்லை, கொல்லையைத்தான் திருத்தவேண்டும்.

கொத்தைத் தடுக்க அமெரிக்கர்கள் கோழிக்குக் கண்ணாடியே மாட்டினார்கள். டென்னசியைச் சேர்ந்த ஒருவர் கோழியின் கண்ணுக்குக் காப்பாக ஒரு குட்டிக் கண்ணாடியை வடிவமைத்து 1903-இல் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு சிவப்பு வில்லை வைத்தவை வந்தன. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது என்பது யோசனை.

ஆயிரக்கணக்கில் கோழிகள் வாழும் பண்ணைக் கொட்டகையில் இத்தனை வழக்குகளும் எப்படித் தீரும்? தீர்வதில்லை. தீர்க்க அவை முயல்வதும் இல்லை. பேகலும் டாக்கின்ஸும் 1997-இல் கொத்து வரிசையை எதிர்காலத்துக்கான ஒப்பந்தமாகப் பார்த்தார்கள். இன்று அடித்துத் தீர்த்துக்கொண்டால் நாளை அடிக்கத் தேவையில்லை. ஆனால் நாளை அதே முகத்தைச் சந்திக்கும் வாய்ப்பே இல்லாத கூட்டத்தில் இன்றைய சண்டை வீண் செலவு. டி’ஈத்தும் கீலிங்கும் 2003-இல் பத்துக் கோழிகளின் கூட்டத்தையும் 120 கோழிகளின் கூட்டத்தையும் ஒப்பிட்டபோது, பெரிய கூட்டத்தில்தான் அந்நியர்களிடம் சகிப்பு அதிகம். ரயில் நிலையத்தில் யாரும் யாரையும் முறைப்பதில்லை. சின்ன ஊரில் புதிதாக வந்து இறங்குபவரைத் திண்ணைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். வீட்டுக் கொல்லை சின்ன ஊர் ரகம்.

குணம் பிறவியிலேயே வருவதும் உண்டு. சண்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அசில் இனத்தில் பெட்டைகளும் லேசுப்பட்டவை அல்ல. எதிர்த்திசையிலும் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் காட்டினார். தனித்தனியாக அதிக முட்டையிடும் கோழியைத் தேடாமல், ஒரே கூண்டில் சேர்ந்து வாழ்ந்து நன்றாக முட்டையிட்ட குடும்பங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்தார். அவர் 1996-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு சில தலைமுறைகளிலேயே 8.8 சதவீதமாக இறங்கியது. ஏற்கெனவே கொல்லையில் நிற்கும் ரவுடிக்கு இந்த வைத்தியம் எட்டாது.

அவளுக்கு எஞ்சியிருப்பது நாடுகடத்தல். எல்லாம் செய்தும் அடங்காத ஒருத்தியைப் பிடித்து, கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் சில நாள் வைப்பார்கள். அவள் இல்லாத கொல்லையில் புதியவர்கள் சுதந்திரமாக நடமாடி, பரணில் இடம் பிடித்து, மற்றவர்களோடு வழக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அவள் திரும்பி வரும்போது கொல்லை அவர்களுக்குச் சொந்த இடமாகியிருக்கும். கோழிகளின் நினைவும் நிரந்தரமானதல்ல. சில வாரங்கள் பிரிந்திருந்தால் பழைய ஏற்பாடுகள் மங்கிவிடும். வெளியிலிருந்து நுழைபவளாக இப்போது அவளே நிற்பாள். பல சமயம் இது பலிக்கிறது. பலிக்காத கோழிகளும் இருக்கின்றன. இரண்டே நிமிடத்தில் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குபவை அவை.

அப்படிப்பட்டவளுக்குக் கிராமத்தில் இரண்டு முடிவுகள்தான். ஒன்று குழம்பு. அதுவும் நினைத்த அளவுக்கு நிம்மதி தராது. ஏற்பாடுகள் ஜோடிக்கு ஜோடி என்பதால், உச்சியில் இருந்தவள் சட்டிக்குப் போனாலும் மற்ற ஜோடிகள் அப்படியே இருக்கும். நேற்றுவரை இரண்டாவதாக இருந்தவள் மறுநாள் காலையில் தீனித்தட்டின் முன்னால் முதல் ஆளாக நிற்பாள்.

இன்னொன்று சந்தை. ரவுடியைச் சாக்குப்பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போவார்கள். கொண்டையையும் எடையையும் பார்த்து யாரோ ஒருவர் விலை பேசி வாங்குவார். அன்று சாயங்காலம் வேறொரு ஊரில், வேறொரு கொல்லையில், அவளைத் தரையில் விட்டுப் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பார்கள். மூங்கில் சட்டங்களுக்கு அப்பால், அவள் அதுவரை பார்த்திராத ஒரு மூத்த பெட்டை மண்ணைக் கிளறுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தும்.